பூசணிக்கு ஒரு சாத்தே குச்சி

காஜாங்கில் ஒரு ஆட்டோ கியர் கார் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் நடுங்க ஆரம்பித்தால் அதன் சொந்தக்காரர் என்னென்ன செய்வார் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் டயரை மாற்றுவார். நடுக்கம் போகாது. ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார். பிறகு இன்ஜினைத் தாங்கும் ரப்பர். பிறகு மைத்துனர் சொன்னாரென்று பெட்ரோல் போடும் இடத்தை மாற்றுவார். கடைசியில், ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்த ஏதோ ஒரு வண்டியின் கியர்பாக்ஸையே வாங்கி மாட்டுவார். இதற்குள் வண்டியில் பழையதாக மிஞ்சியிருப்பது நம்பர் பிளேட்டும் அவரும்தான். நடுக்கம் மட்டும் புத்தம் புதிதாக அப்படியே இருக்கும்.

அப்போதுதான் யாராவது சொல்வார்கள், “சுங்கை சுவாவுல காக் யான்னு ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்களேன்.”

காக் என்றால் மலாயில் அக்கா. காக் யாவின் முழுப்பெயர் ரொக்கியா. வயது ஐம்பத்து மூன்று. பட்டறை என்றால் ஒரு லேத் மிஷின், ஒரு வெல்டிங் மிஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியிலும் கிரைண்டர் உட்கார்ந்திருக்கும். நான் கியர் ஆயில் விற்கிறவன். வாரம் இரண்டு முறை அங்கே போவேன். ஒரு முறை ஆயில் கொடுக்க, இன்னொரு முறை திட்டு வாங்க.

இந்த வருடம் நோன்பு மாதத்தில், ராயா பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது, சிக்கு ஹமிடி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் வாத்தியாருக்கெல்லாம் சிக்குதான் பட்டம். அது ஓய்வு பெறுவதில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டி. அதில் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாகக் கோத்தா பாருவுக்கு, அவருடைய அண்ணன் வீட்டுக்குப் பெருநாளுக்குப் போக வேண்டும். கையில் ஒரு ஃபைல். உள்ளே, மாற்றிய சாமான்களின் பட்டியல், தேதி வாரியாக.

காக் யா ஃபைலைத் திறக்கவில்லை. “என்னத்த மாத்துனீங்க சிக்கு?”

“எல்லாத்தையும்.”

“அப்ப எதை மாத்தலையோ அதுதான் கெட்டிருக்கு. ஏறுங்க. நீங்களே ஓட்டுங்க.”

நான் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன். செமினி சாலையில் எழுபது வந்ததும் ஆரம்பித்தது: வரிவரியாக மேடு போட்ட சாலையில் ஓடுவதுபோல ஒரு தடதடப்பு. சிக்கு, நாங்கள்தான் அதைச் செய்ததுபோல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“முன்னாடி பாருங்க சிக்கு. வலது காலை எடுக்காதீங்க, ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்கட்டும். இடது காலால பிரேக்கைத் தொடுங்க. மிதிக்காதீங்க, தொடுங்க. தூங்குற குழந்தையைத் தொடுற மாதிரி.”

தொட்டார். தடதடப்பு சட்டென்று நின்றது.

“காலை எடுங்க.”

எடுத்தார். திரும்ப வந்தது.

“முடிஞ்சது. வண்டியைத் திருப்புங்க.”

“அவ்வளவுதானா? கம்ப்யூட்டர் போட்டுப் பாக்க மாட்டீங்களா?”

“கம்ப்யூட்டர் போட்டவங்கதானே உங்க டயரை மாத்துனாங்க?”

இந்த இடத்தில் நான் எப்போதும் உணர்ச்சிவசப்படுவேன், மன்னிக்கவும். ஆட்டோ கியர் வண்டியில் கிளச் மிதி கிடையாது. அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். பார்க்கப் பூசணிக்காய் மாதிரி இருக்கும் ஒரு இரும்புக் குடுக்கை. காக் யா அதைப் பூசணி என்றுதான் சொல்வார். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, அதேதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு விசிறியை இன்ஜின் சுழற்றும், மற்றதை எண்ணெய் சுழற்றும், அது கியர்பாக்ஸைச் சுழற்றும். வேகம் பிடித்த பிறகு எண்ணெயில் சக்தி வீணாகக் கூடாது என்று, உள்ளே ஒரு தட்டு வந்து இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டில் ஒட்டிய பட்டை தேய்ந்துவிட்டால் பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும், வழுக்கும். அதுதான் தடதடப்பு. பிரேக்கை லேசாகத் தொட்டாலே வண்டி பூட்டை விட்டுவிடும், தடதடப்பும் நிற்கும். ஓர் இடது கால் கண்டுபிடிக்கிற விஷயம்! இதற்கு நாலு டயர், ஒரு கியர்பாக்ஸ், ஒரு ஃபைல்.

பட்டறைக்குத் திரும்பியதும் இன்னொரு சோதனை. பிரேக்கை அழுத்தி மிதித்து, கியரை டி-யில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கி, இன்ஜின் வேகம் காட்டும் முள் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பது. அளவுக்கு மேலே ஏறினால் கியர்பாக்ஸ் வழுக்குகிறது. அளவுக்குக் கீழே நின்றால் பூசணிக்குள் அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் நடு விசிறி கெட்டிருக்கலாம், இல்லை இன்ஜினுக்கே தெம்பில்லை. முள் சரியான இடத்தில் நின்றது. சிக்குவுக்குப் பிடித்துப்போய்க் காலை எடுக்கவே இல்லை.

“போதும் சிக்கு, விடுங்க! அஞ்சு செகண்டுக்கு மேல போனா பூசணி வெந்துடும். அப்புறம் தேங்காய்ப்பால் ஊத்தி நோன்பு துறக்க வேண்டியதுதான்.”

காக் யாவிடம் வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிடையாது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது வேறு பட்டறை. பூசணி மட்டும் இங்கே வரும். சிக்கு வண்டியை ஷம்சுலின் பட்டறைக்குக் கொண்டுபோனார். கண்ணாடி போட்ட காத்திருப்பு அறை, காப்பி மிஷின், செடிகள், சுவரளவு டிவி எல்லாம் உண்டு. வாடிக்கையாளர்கள் அந்தக் காப்பியை மிகவும் பாராட்டுவார்கள். வண்டியைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள்.

மறுநாள் பூசணி வந்தது. காக் யா அதை லேத்தில் மாட்டி, வெல்டிங் ஓடிய கோட்டிலேயே வெட்டி இரண்டாகப் பிளந்தார். எண்ணெய், கருகிய பாலில் போட்ட காப்பி மாதிரி நாறியது. பட்டையில் பாதியைக் காணோம். சுரண்டி, கழுவி, புதுப் பட்டை ஒட்டி, சூட்டில் அழுத்தி, மூடி, சுற்றவிட்டே வெல்டிங் வைத்து, காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று உறுதி செய்து, ஆட்டம் அளந்து முடித்தார். அதன் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சாத்தே குச்சியைக் கட்டி அனுப்பினார்.

குச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காக் யாவின் அம்மா மூங்கில் சீவி, இறைச்சியைக் கோத்துச் சுடும் காஜாங் சாத்தே கடைகளுக்குக் குச்சி கொடுத்தவர். எட்டு வயதில் காக் யா குச்சி சீவினார். இருபது வயதில் பாங்கியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். பத்தொன்பது வருடம் கழித்துத் தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனது; இவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. இனி நேரம் நிறைய இருக்கும் என்று சொல்லாமல் சொன்னார்கள்போல. அந்தச் சமயம் பார்த்து இவருடைய வண்டியே நடுங்கியது. ஒரு பட்டறையில், கன்வெர்ட்டர் ஜப்பானிலிருந்து வரணும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். “ஒரு இரும்புப் பூசணிக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?” என்று கேட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தெரிந்தவர் லேத்தில் வெட்டிப் பார்த்தார். மூடியபோது முதல் வெல்டிங் ஒழுகியது. இரண்டாவதும் ஒழுகியது. மூன்றாவது நின்றது. பிறகு பழைய இரும்புக் கடையிலிருந்து சொந்த லேத். பதினான்கு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் மெக்கானிக்குகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு அதே ஆட்கள், பின் சந்து வழியாக, துண்டு போர்த்திய பூசணியோடு வந்தார்கள்.

பூசணியைக் கியர்பாக்ஸில் மாட்டுவதில்தான் சூட்சுமம். உள்ளே தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும். முதல் டக், கியர்பாக்ஸின் தண்டில் பல் உட்காருவது. இரண்டாவது டக், நடு விசிறி உட்காருவது. மூன்றாவது டக், பூசணியின் கழுத்து எண்ணெய் பம்பின் காதுகளைப் பிடிப்பது. இரண்டாவதோடு நிறுத்திவிட்டுப் போல்ட்டை முறுக்கினால், கழுத்து பம்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சாவியைத் திருப்பியதும் பம்ப் பொடிப்பொடி. பட்டறைச் சத்தத்தில் மூன்றாவது டக் காதில் விழாது. அதற்குத்தான் குச்சி. கியர்பாக்ஸ் வாயின் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, குச்சியைப் பூசணி மேல் முட்டும்வரை இறக்க வேண்டும். குச்சியில் உள்ள சிவப்புக் கோடு ஸ்கேலுக்குக் கீழே மறைந்தால் பூசணி முழுக்க உள்ளே போய்விட்டது. மறையாவிட்டால் இன்னும் சுற்று. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அளவு. அளவெல்லாம் காக் யாவின் தலையில். இதற்காகச் சிலர் சிரித்தார்கள். “சட்னி தனியா வருமா காக்?” என்று கேட்டவன்கூட உண்டு.

ராயாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஷம்சுலின் பட்டறையில் சிக்குவின் வண்டிச் சாவியைத் திருப்பினார்கள். கர்ர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி ஒரு முழம் நகரவில்லை. இறக்கிப் பார்த்தால் பம்ப் மூன்று துண்டு.

ஷம்சுல் என்ன செய்திருக்க வேண்டும்? காக் யாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் படம் பிடித்து மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இருநூற்றுப் பதினான்கு பேர். “சாத்தே குச்சி வெல்டிங்கின் லட்சணம்” என்று கீழே எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஐந்து.

காக் யா நோன்பு மாதத்தில் பகலில் யாரையும் திட்ட மாட்டார். அது அவருடைய பக்தி. யாரை என்னவென்று திட்டுவது என்று பகலெல்லாம் சேர்த்துவைத்து, பேரீச்சம்பழம் வாயில் போன கையோடு குரல் செய்தியாக அனுப்புவார். அன்றும் அனுப்பினார். கடைசிச் செய்தியை நான் நாலு முறை கேட்டேன்: “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். என் பூசணியில தப்புன்னா அந்த லேத்தைத் தூக்கி லங்காட் ஆத்துல போட்டுடறேன். அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒரு பூசணியைத் தொட மாட்டேன். இருநூத்திப் பதினாலு பேரும் சாட்சி.”

உடனே ஒருவர் லாரி தருவதாகச் சொன்னார். இன்னொருவர் கிரேன். எங்கள் ஊரில் உதவிக்குப் பஞ்சமே இல்லை.

காலையில் எட்டு மெக்கானிக்குகள் வந்திருந்தார்கள். சிக்கு ஃபைலோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். நோன்பாளிக்கு முன்னால் காப்பி மிஷின் புஸ் புஸ் என்றது. கியர்பாக்ஸ் மேஜை மேல் கிடந்தது. பக்கத்தில் பூசணி. ஃபோர்மன் ஆ கியோங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருடமாகக் கியர்பாக்ஸ் ஏற்றுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

காக் யா பூசணியைத் தூக்கி அதன் கழுத்தை வெளிச்சத்தில் காட்டினார். “எல்லாரும் கிட்ட வாங்க. என் வெல்டிங் கோணலா இருந்தா கழுத்து ஆடும். கழுத்தைத் தாங்குற புஷ் ஒரு பக்கமாத் தேயும். தேஞ்சிருக்கா?”

தேயவில்லை. டயல் வைத்து அளந்தார்கள். முள் அசையவே இல்லை.

“கழுத்துல ரெண்டு வெட்டு இருக்குல்ல, பம்போட காது உக்காருற இடம். அதுல ஏதாவது கீறல்?”

“இல்ல காக்,” என்றார் லாரி தருகிறேன் என்றவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“இப்ப கழுத்தோட நுனியைப் பாருங்க. தட்டையா இருக்கிற விளிம்பு.” அங்கே இரண்டு நசுங்கல், எதிரெதிரே, பளபளவென்று. “காது வெட்டுக்குள்ள போகவே இல்ல. நுனியில மோதி நசுங்கியிருக்கு. பூசணி உள்ள போகாமலே போல்ட்டை முறுக்கியிருக்கீங்க. ரெண்டு டக்கோட நிறுத்தினா இதான். ஷம்சுல் தம்பி, காப்பி நல்லா போடுறீங்களாம். அதையே பாருங்களேன்.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஷம்சுல் சிரிக்கவில்லை. மூஞ்சி செத்துவிட்டது. திரும்பி, கைக்குக் கிடைத்த ஆளைப் பிடித்தான்.

“கியோங்! பன்னெண்டு வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட? குச்சி கட்டித்தானே அனுப்பினாங்க? அதை வச்சுப் பல்லுக் குத்துனியா? போ, டூல் பாக்ஸைக் காலி பண்ணு. இன்னியோட முடிஞ்சது.”

கியோங் டூல் பாக்ஸைத் திறந்தான். ஆனால் காலி செய்யவில்லை. மேல் தட்டில் ஒரு துணி, அதற்குள் ஒரு கட்டுச் சாத்தே குச்சி. காக் யா அனுப்பிய குச்சி ஒன்றையும் அவன் எறியவில்லை போலிருக்கிறது. ஒன்றை உருவி நீட்டினான்.

“குச்சி வச்சுத்தான் பாத்தேன், காக் யா. எனக்கு ரெண்டு டக்குதான் கேட்டுச்சு. மூணாவது கேக்கல. கோடு ஸ்கேலுக்குக் கீழ மறைஞ்சிடுச்சு. என் காது சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க குச்சியை நம்பி முறுக்கிட்டேன்.”

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “கதை விடாதலா!” என்றான் ஷம்சுல்.

காக் யா குச்சியை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நுனியில் சிக்குவின் வண்டி எண், அவர் கையெழுத்தில். சிவப்புக் கோடு. பைக்குள் கைவிட்டு அளவுகோலை எடுத்துக் கோடுவரை அளந்தார். பதின்மூன்று மில்லிமீட்டர். மறுபடி அளந்தார். அது பதின்மூன்றாகவே இருந்தது.

அந்த அறையில் சரியான அளவு என்ன என்று தெரிந்தவர் ஒரே ஆள். அவரை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது. குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கியோங்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அன்றைய வார்த்தைகளை அவன் முடித்துவிட்டான்.

“இருபத்திரெண்டு இருக்கணும்,” என்றார் காக் யா.

யாருக்கும் புரியவில்லை.

“இந்த வண்டிக்கு இருபத்திரெண்டு. பதிமூணு பழைய மாடலுக்கு. தப்பான கோடு போட்டுட்டேன். பூசணி பாதியில நின்னாலும் இந்தக் கோடு மறையும்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “அன்னைக்கு நோன்பு துறந்துட்டு, ஒரு கையில போனை வச்சுக்கிட்டு இன்னொரு கையால கோடு போட்டேன். கிள்ளான்ல எவனோ ஆயில் மாத்துறதைப் பத்தி உளறினான்னு பன்னெண்டு மெசேஜ் அனுப்பினேன். கை வேலை பாக்கல, வாய்தான் பாத்துச்சு. கியோங், உன் காது சரியாத்தான் இருக்கு. என் குச்சிதான் பொய் சொல்லிடுச்சு.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிரேக் கிளீனர் வாசனை என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவைத்தேன். அவரும் தனக்கும் அதேதான் என்றார்.

ஷம்சுலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப தப்பு உங்க மேலதானே காக்? லேத்து?”

“பூசணியில தப்பில்ல, குச்சியிலதான் தப்புன்னு வக்கீல் மாதிரி பேசலாம். பேச மாட்டேன். குச்சியும் நான் அனுப்பினதுதான். லாரி யாருது? கூப்பிடு.”

லாரிக்காரர் தரையைப் பார்த்தார். “காக், என் பூசணி ரெண்டு உங்க பட்டறையில கிடக்கு. வெட்டிப் போட்டது.”

“என்னுது மூணு,” என்றார் கிரேன்காரர். “ராயாவுக்கு நாலு நாள்தான் இருக்கு. எல்லாரும் ஊருக்குப் போகணும்.”

ஆளாளுக்கு எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு வந்தது. பட்டறையில் கிடப்பது பதினொன்று என்றார் காக் யா. மீதி நாலு யாருடையது என்று எல்லோரும் ஷம்சுலைப் பார்த்தார்கள். ஷம்சுல் காப்பி மிஷினைப் பார்த்தான்.

“காக்,” என்றான், வாடிக்கையாளரிடம் மட்டும் பேசும் குரலில். “ஆறு எங்கயும் ஓடிடாது. ராயா முடியட்டும். அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.”

“கியோங்?”

“கியோங்குக்கென்ன? கியோங் இல்லாம யாரு ஏத்துறது? கியோங், நிக்காத, வேலையைப் பாரு!”

பம்ப், ஜப்பானிலிருந்து வந்த வெட்டு வண்டிகள் குவிந்திருக்கும் இடத்தில் அன்று மதியமே கிடைத்தது. காக் யாவே போய்த் தோண்டி எடுத்தார். பூசணியை மாட்டும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார், டிவியை நிறுத்தச் சொன்னார், காப்பி மிஷினையும்தான். போனை சிக்குவின் ஃபைலுக்குள் வைத்து மூடினார். கியோங் சுற்றினான். டக். டக். கியோங் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அரைச் சுற்று சுற்றினான். டக்.

“கேட்டுச்சா?” என்றார் காக் யா.

“கேட்டுச்சு.”

“இருந்தாலும் குச்சியை வை. புதுக் குச்சி. ரெண்டு தடவை அளந்தது.”

கோடு மறைந்தது. மாலையில் செமினி சாலையில் எழுபதில், எண்பதில், தொண்ணூறில் வண்டி போனது. சிக்கு இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொட்டு நிறுத்த ஒன்றுமே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. மூன்றாம் நாள் மலைப்பாதையிலிருந்து ஒரு குரல் செய்தி: பின்னால் பேரக்குழந்தைகளின் கூச்சல், நடுவில் சிக்கு, தலைமையாசிரியர் குரலில், “குவா முசாங் தாண்டிவிட்டோம். நடுக்கம் இல்லை. நன்றி.” ஃபைலில் இதற்கும் தேதி போட்டிருப்பார்.

ராயா முடிந்தது. ஆறு அங்கேயே ஓடியது. லாரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. குழுவில் ஷம்சுலின் படம் மட்டும் எப்படியோ அழிந்துபோயிருந்தது. காக் யாவின் குரல் செய்தி அழியவில்லை. அதை யாரும் அழிக்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

விடுமுறை முடிந்து பட்டறை திறந்த அன்று நான் ஆயிலோடு போயிருந்தேன். பின் சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ஷம்சுல், துண்டு போர்த்திய ஏதோ ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான். வாசலிலேயே நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“காக், லேத் இருக்கா?”

காக் யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜை மேல் ஒரு குச்சி, பக்கத்தில் அளவுகோல். இரண்டாவது முறையாக அளந்துகொண்டிருந்தார்.

“ஆத்துலதான் கிடக்கு. பூசணியைக் கொண்டாந்து உள்ள வை.”